நாய்க்குட்டிக்குப் போடும் ஊசியும் கிர் காட்டுச் சிங்கமும்

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்களில் ஒரே கேள்வி பல விதமாக வந்திருந்தது. "எங்க நாய் ஃப்ளாட்டை விட்டு வெளியவே போறதில்ல. ரேபிஸ் ஊசி போட்டாச்சு. அப்புறம் எதுக்கு இந்த செவன்-இன்-ஒன், நைன்-இன்-ஒன் எல்லாம்? டாக்டர் பில் ஏத்துறதுக்கா?"

கேட்க வேண்டிய கேள்விதான். நான் டாக்டர் இல்லை, வரலாறு சொல்ற ஆள். ஆனா உங்க வீட்டில் இருக்கிற தடுப்பூசி அட்டையை எடுத்து அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. ஏழோ ஒன்பதோ, அந்தப் பட்டியலில் முதலில் வரும் பெயர் பெரும்பாலும் டிஸ்டெம்பர். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பர் இல்ல, அதுக்கும் இதுக்கும் பேரில் மட்டும்தான் ஒற்றுமை. இன்றைக்கு இந்த ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு ஆய்வுக்கூடம், அமெரிக்காவில் ஒரு மாட்டுப் பண்ணை, ஆப்பிரிக்கப் புல்வெளி, கடைசியாக நம்ம குஜராத்.

முதலில் நோய் என்னன்னு பார்த்துடலாம். டிஸ்டெம்பர் ஒரு வைரஸ். மனிதர்களுக்கு வரும் தட்டம்மை, மாடுகளை ஊர் ஊராகக் கொன்ற வெக்கை நோய், இந்த இரண்டின் வைரஸ்களுக்கும் இது நெருங்கிய சொந்தம். வெக்கை நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. டிஸ்டெம்பர் அப்படி ஒழியவில்லை. குட்டிகளைத்தான் இது அதிகம் தாக்கும். காய்ச்சல் வரும், கண்ணிலும் மூக்கிலும் சீழ் மாதிரி ஒழுகும், இருமல், வாந்தி, பேதி. சில நாய்களுக்குப் பாதம் தடித்து இறுகிப்போகும். இதிலெல்லாம் பிழைத்துவிட்டது என்று நினைக்கும்போது, சில வாரம் கழித்துத் தாடை தானாக அசைய ஆரம்பிக்கும், சூயிங்கம் மெல்லுகிற மாதிரி. வைரஸ் மூளைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து இன்றைக்கும் கிடையாது. டாக்டர்கள் டிரிப்ஸ் ஏற்றி, வலிப்பைக் கட்டுப்படுத்தி, உடம்பு தானாக ஜெயிக்குமா என்று காத்திருப்பார்கள்.

இது எங்கிருந்து வந்தது? 1740களில் தென் அமெரிக்காவுக்குப் போய் வந்த ஸ்பானிய அதிகாரி அந்தோனியோ டி உல்லோவா, அங்கே நாய்களுக்கு வரும் ஒரு கொள்ளைநோயைப் பற்றி எழுதியிருக்கிறார். 1760களில் ஸ்பெயினில் நாய்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவுகிறது. ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுபோன மனிதத் தட்டம்மைதான் தென் அமெரிக்காவில் நாய்களுக்குத் தாவி டிஸ்டெம்பராக மாறியது என்று சில ஆய்வாளர்கள் சமீபத்தில் ஒரு கருதுகோள் வைத்திருக்கிறார்கள். முடிவான விஷயம் இல்லை. ஆனால் அது சரி என்றால், இந்தக் கதையின் முதல் கிருமி நம்ம மூக்கிலிருந்து போனது.

அம்மைக்கு ஊசி கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னர் பேர் ஸ்கூல் புத்தகத்திலேயே வரும். அவர் 1809இல் லண்டன் மருத்துவர் சங்கத்தில் நாய் டிஸ்டெம்பர் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஒரு பிரபுவின் நரி வேட்டை நாய்களைப் பார்த்து எழுதியது. அம்மை டாக்டருக்கு நாய்ப் பட்டியில் என்ன வேலை? இங்கிலாந்தில் அன்றைக்கு வேட்டை நாய் என்பது இன்றைய பந்தயக் குதிரை மாதிரி, பணமும் கௌரவமும் அதில் இருந்தது. நாய்க்கு ஏதாவது என்றால் பிரபுவுக்குத் தூக்கம் வராது. பசு அம்மைப் பாலை நாய்க்கு ஏற்றினால் டிஸ்டெம்பர் வராது என்று அந்தக் காலத்தில் முயன்று பார்த்தார்கள். பலிக்கவில்லை.

அதற்குப் பிறகு நூறு வருஷம் பெரிதாக எதுவும் நகரவில்லை. 1905இல் பிரான்சில் ஆன்றி கார்ரே, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியில் நோய்ச் சளியை வடித்தாலும் அது நோயை உண்டாக்குகிறது என்று காட்டினார். அதாவது இது வைரஸ். பலர் நம்பவில்லை. ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தனக்குப் பிடித்த பாக்டீரியாவைக் குற்றவாளி என்று காட்டிக்கொண்டிருந்தது.

திருப்பம் வந்தது 1923இல், 'தி ஃபீல்ட்' என்ற பத்திரிகையால். வேட்டை, மீன்பிடிப்பு, கிராமத்துப் பண்ணை வாழ்க்கை பற்றி எழுதும் பத்திரிகை அது. நாய் வளர்க்கும் வாசகர்களிடம் டிஸ்டெம்பர் ஆராய்ச்சிக்காக நிதி திரட்டினார்கள். நாயைச் சோதனைக்குப் பயன்படுத்துவதை எதிர்த்த இயக்கம் பிரிட்டனில் வலுவாக இருந்த காலம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. நாயை நேசிப்பவர்களே காசு கொடுத்து நாய்களை வைத்து ஆராய்ச்சி செய்யச் சொல்கிறார்கள். அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்துகொண்டது. லண்டனின் வடக்கு ஓரத்தில் மில் ஹில் என்ற இடத்தில் வேலை தொடங்கியது. பொறுப்பு பேட்ரிக் லெய்ட்லாவிடமும் கால்நடை மருத்துவர் டங்கினிடமும் கொடுக்கப்பட்டது.

அவர்களுக்கு முதல் நாளே ஒரு சிக்கல். கடையில் வாங்கும் நாய் சோதனைக்கு ஆகாது. அதற்கு ஏற்கெனவே டிஸ்டெம்பர் வந்து போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. அதனால் இந்த நோயை வாழ்நாளில் பார்த்தே இராத நாய்களை அவர்களே வளர்க்க வேண்டியிருந்தது. வேலி போட்ட தனி வளாகம். உள்ளே போகிறவர்கள் குளித்து, உள்ளாடை முதல் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டுதான் போக முடியும். 2020இல் நாம் வாசலில் சானிடைசர் பாட்டிலோடு நின்றோமே, அதைவிடக் கறாராக 1920களிலேயே, நாய்க்காக.

ரெண்டாவது சிக்கல், ஒவ்வொரு சோதனைக்கும் நாய் கிடைக்காது. அங்கேதான் இந்தக் கதையின் இன்னொரு நாயகன் வருகிறான், ஃபெரட். நம்ம ஊரில் கிடையாது. பார்க்கக் கீரி மாதிரி நீளமாக இருக்கும், ஆனால் கீரி வகை இல்லை, நீர்நாயின் குடும்பம். முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே துரத்துவதற்காக ஐரோப்பாவில் ரொம்பக் காலமாக வீட்டில் வளர்த்தார்கள். நாய்க்கு டிஸ்டெம்பர் வந்தால் ஃபெரட்டுகளும் செத்துப்போகின்றன என்பது வேட்டைக்காடுகளைக் காவல் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். படித்தவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்த ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஃபெரட்டுக்கு டிஸ்டெம்பர் வந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சாகும், அதுவும் கணக்காக இத்தனை நாளில். சோதனைக்கு அதைவிடத் தெளிவான பிராணி வேறு இல்லை. கார்ரே சொன்னது சரி, இது வைரஸ்தான் என்று மில் ஹில்லில் உறுதியானது. நோய் வந்த திசுவை ஃபார்மலினில் செயலிழக்கச் செய்து முதலில் ஓர் ஊசி, பிறகு உயிருள்ள வைரஸைக் கொஞ்சம். 1928இல் முறை தயார். சில வருஷத்தில் கால்நடை மருத்துவர்கள் கைக்கும் வந்துவிட்டது.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை, விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. 1918இல் உலகத்தைப் புரட்டிப் போட்ட ஃப்ளூ எந்தக் கிருமியால் வந்தது என்று அப்போதும் யாருக்கும் தெரியாது. பாக்டீரியா என்றே பல டாக்டர்கள் நம்பினார்கள். 1933 தொடக்கத்தில் லண்டனில் ஃப்ளூ பரவியபோது, வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூன்று பேரும் நோயாளி தொண்டை கொப்பளித்த தண்ணீரை ஃபெரட் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஏன் ஃபெரட்? நாய் ஆராய்ச்சிக்காக அது கையருகில் இருந்தது, அவ்வளவுதான். ஃபெரட்டுக்கு ஜுரம் வந்தது, தும்மியது. மனித ஃப்ளூ வைரஸ் முதன்முதலாகப் பிடிபட்டது அப்படித்தான். பின்னால் ஒரு ஃபெரட் ஆய்வாளர் ஒருவரின் முகத்திலேயே தும்ம, அவருக்கும் ஃப்ளூ வந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு வருஷமும் ஃப்ளூ ஊசியில் எந்த வகை வைரஸைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஃபெரட் ரத்தத்தின் எதிர்ப்புப் பொருளை வைத்துப் பார்க்கிறார்கள். வேட்டை நாய்க்குத் திரட்டிய காசு எங்கே போய் நிற்கிறது பாருங்க.

சரி, டிஸ்டெம்பருக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வைரஸைப் பலவீனமாக்கி உயிரோடு கொடுக்கும் ஊசிகள் வந்தன. வசதியான நாடுகளில் வீட்டு நாய்களிடம் டிஸ்டெம்பர் அரிதானது. ஜனங்கள் மறந்தே போனார்கள். மறதிக்கு விலை கொடுத்தது, தற்செயல் என்று சொல்லத் தோன்றினாலும், இன்னொரு ஃபெரட்.

கருங்கால் ஃபெரட் வட அமெரிக்காவின் காட்டு இனம். பிரெய்ரி டாக் என்ற பிராணியைத் தின்று, அதன் வளையிலேயே குடியிருக்கும். பேரில்தான் டாக், அது அணில் குடும்பம். மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கிறது என்று பிரெய்ரி டாக்கை விஷம் வைத்து ஒழித்தார்கள். அதோடு சேர்ந்து கருங்கால் ஃபெரட்டும் காணாமல் போனது. 1970களின் தொடக்கத்தில், சவுத் டகோட்டாவில் மிஞ்சியிருந்தவற்றில் ஆறைப் பிடித்து வளர்த்துப் பெருக்கலாம் என்று கொண்டுபோனார்கள். டிஸ்டெம்பர் வந்துவிடக் கூடாது என்று ஊசியும் போட்டார்கள். வீட்டு ஃபெரட்டுகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அதே ஊசி. ஆனால் பலவீனமாக்கிய அந்த வைரஸே இந்தக் காட்டு இனத்துக்குத் தாங்க முடியாத பலமாக இருந்தது. ஆறில் நான்கு, ஊசியிலிருந்தே டிஸ்டெம்பர் வந்து செத்தன. நோயைத் தடுக்கப் போட்டதே நோயானது. 1979இல் கூண்டில் இருந்த கடைசி ஃபெரட்டும் இறந்தது. இனமே அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

1981 செப்டம்பர். வயோமிங் மாநிலத்தில் மிட்டீட்ஸி என்ற சின்ன ஊர். ஒரு மாட்டுப் பண்ணையில் ஷெப் என்கிற நாய், ராத்திரி எதையோ கொன்று கொண்டுவந்து போட்டது. வீட்டுக்காரர்களுக்கு என்ன பிராணி என்று தெரியவில்லை. பார்க்க அழகாக இருக்கிறதே, பதப்படுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் அந்த வேலை செய்கிறவரிடம் எடுத்துப் போனார்கள். அவர் பார்த்ததும் ஆடிப்போய்விட்டார். கருங்கால் ஃபெரட்! ஆராய்ச்சியாளர்கள் ஓடி வந்தார்கள். அக்கம்பக்கப் புல்வெளியில் ஒரு கூட்டமே இருந்தது. 1984இல் எண்ணியபோது 129.

அடுத்த வருஷமே சரிந்தது. முதலில் பிரெய்ரி டாக்குகளிடம் பிளேக். உணவு குறைகிறது, அதனால் ஃபெரட் குறைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் பிடித்த ஆறு ஃபெரட்டுகளில் இரண்டுக்கு ஏற்கெனவே டிஸ்டெம்பர் இருந்தது. மற்ற நான்குக்கும் தொற்றியது. ஆறும் போயின. அப்போதுதான் வெளியே புல்வெளியிலும் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது. மிச்சம் இருக்கிற எல்லாவற்றையும் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். காட்டில் ஒன்றுகூட விடாமல். இனத்தைக் காப்பாற்ற அதைக் காட்டிலிருந்து முழுசாகத் துடைத்து எடுப்பது சின்ன முடிவா? 1987 தொடக்கத்தில் கடைசி ஃபெரட்டும் பிடிபட்டது. கையில் இருந்தது மொத்தம் 18. இன்றைக்கு உயிரோடிருக்கும் சில நூறு கருங்கால் ஃபெரட்டுகளில் பெரும்பாலானவை அதில் ஏழின் வாரிசுகள்.

மில் ஹில்லில் ஆயிரக்கணக்கான நாய்களைக் காப்பாற்றும் ஊசிக்காக ஃபெரட்டுகள் செத்தன. அதன் காட்டுச் சொந்தக்காரனை அதே நோய் பதினெட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. நாய்தான் அந்த இனத்தைத் திரும்பக் கண்டுபிடித்துக் கொடுத்தது என்பதும் உண்மை. இதில் யார் வில்லன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போ ஆப்பிரிக்கா. பூனைக் குடும்பத்துக்கு டிஸ்டெம்பர் பெரிதாக வராது என்றுதான் ரொம்ப நாளாகப் பாடம். 1994 தொடக்கத்தில் தான்சானியாவின் செரங்கெட்டியில், பலூனில் போன சுற்றுலாப் பயணிகள் கீழே ஒரு சிங்கம் வலிப்பு வந்து துடிப்பதைப் பார்த்தார்கள். அடுத்தடுத்து முகம் இழுத்துக்கொண்ட சிங்கங்கள், நடை தடுமாறிய சிங்கங்கள். தேசியப் பூங்காக்களின் கால்நடை மருத்துவர் மெலடி ரோல்க்கும் சகாக்களும் ஆராய்ந்ததில் டிஸ்டெம்பர் என்று தெரிந்தது. ஏறத்தாழ மூவாயிரம் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. கழுதைப்புலிகளும் நரிகளும்கூட தப்பவில்லை. பூங்காவைச் சுற்றியிருந்த கிராமங்களில் ஊசி போடாத நாய்கள் ஏராளம். மாடு மேய்க்க, வீட்டைக் காக்க வளர்த்தவை. அவற்றிடமிருந்து வைரஸ் உள்ளே போனது.

இந்த மாதிரி இடத்தில் "நாய்தான் காரணம், முடிச்சாச்சு" என்று எபிசோடை மூடிவிட ஆசை வரும். பின்னால் நடந்த ஆய்வுகள் அப்படி மூட விடவில்லை. பழைய ரத்த மாதிரிகளைப் பார்த்தால், செரங்கெட்டியில் டிஸ்டெம்பர் அதற்கு முன்னாலும் சிங்கங்களிடம் வந்து, சத்தமில்லாமல் போயிருக்கிறது. அப்படியென்றால் 1994இல் மட்டும் ஏன் இந்தச் சாவு? அதற்கு முன் கடும் வறட்சி. மெலிந்த காட்டெருமைகள் மேல் உண்ணி மொய்த்தது. சிங்கங்கள் அவற்றைச் சுலபமாக அடித்துத் தின்றன, உண்ணி பரப்பும் பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியையும் சேர்த்து வாங்கிக்கொண்டன. டிஸ்டெம்பர் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்த நேரத்தில் பபீசியா உள்ளே புகுந்து விளையாடியது. சுற்றுவட்டாரக் கிராம நாய்களுக்கு ஊசி போட்ட பிறகு நாய்களிடம் தொற்று குறைந்தது. ஆனால் சிங்கங்களுக்குத் தொற்று வருவது அடியோடு நிற்கவில்லை, வைரஸ் மற்ற காட்டுப் பிராணிகளிடமும் சுற்றிக்கொண்டிருந்தது. ரஷ்யாவின் தூரக் கிழக்கில், 2003இல் ஒரு புலி மனித பயமே இல்லாமல் போக்ரோவ்கா என்ற கிராமத்துக்குள் நடந்து வந்தது. டிஸ்டெம்பர் அதன் மூளையைத் தாக்கியிருந்தது. அங்கேயும் பிறகு ஆராய்ந்ததில், நாய்களைவிடக் காட்டுப் பிராணிகளே இப்போது முக்கிய மூலம் என்று தெரிந்தது. நம் வாசலிலிருந்து ஒரு தடவை வெளியே போன கிருமி, திரும்பி வர அவசியமில்லாமல் அங்கேயே குடியேறிவிடும்.

இனி நம்ம ஊர்க் கதை. ஆசியச் சிங்கம் உலகத்திலேயே காட்டில் வாழ்வது ஒரே ஒரு பகுதியில், குஜராத்தின் கிர் காடும் அதன் சுற்றுவட்டாரமும். எல்லா முட்டையும் ஒரே கூடை. ஒரு கொள்ளைநோய் வந்தால் என்ன ஆகும் என்று கிர் சிங்கங்களை ஆய்வு செய்த ரவி செல்லம் உட்படப் பலர் வருஷக்கணக்கில் சொல்லிவந்தார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், கொஞ்சம் சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுபோகச் சொன்னது. போகவில்லை.

2018 செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 2க்குள், கிர் கிழக்கில் தல்கானியா சரகத்தில் மட்டும் 23 சிங்கங்கள் இறந்தன. சிங்கங்கள் தங்களுக்குள் சண்டை போட்டதால் செத்தன என்றுதான் முதலில் விளக்கம் வந்தது. புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் மாதிரிகளைப் பார்த்து டிஸ்டெம்பர் என்றது. அதோடு உண்ணியால் வரும் பபீசியாவும் இருந்தது, செரங்கெட்டி மாதிரியே. அமெரிக்காவிலிருந்து 300 டோஸ் தடுப்பூசி வரவழைத்து, சிங்கங்களைப் பிடித்துப் போட்டார்கள். 23 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். 2015 கணக்கெடுப்பில் மொத்தமே 523 சிங்கம்தான்.

குனோவுக்கு 2022இல் நமீபியாவிலிருந்து சீட்டா வந்தது. கிர் சிங்கம் இன்னும் வரவில்லை. குஜராத், தன் எல்லைக்குள்ளேயே இருக்கிற பர்டாவை ரெண்டாவது வீடு என்கிறது. மாநிலப் பெருமை புரிகிறது. ஆனால் வைரஸுக்கு நூறு கிலோமீட்டர் ஒரு தூரமா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை.

சிங்கம் மட்டும் இல்ல. மகாராஷ்டிராவில் நன்னஜ் புல்வெளியைச் சுற்றித் திரியும் நாய்களைப் பரிசோதித்தபோது, பெரும்பாலானவற்றுக்கு டிஸ்டெம்பர் வந்து போன தடயம் ரத்தத்தில் இருந்தது. அதே புல்வெளியின் குள்ளநரிகளிடமும் நோய் வந்து சாவு நடந்திருக்கிறது. நம்ம நாட்டில் தெருநாய்களுக்கு அரசு சார்பில் கருத்தடையோடு சேர்த்துப் போடுவது ரேபிஸ் ஊசி. மனித உயிர் சம்பந்தப்பட்டது, அதற்கு முன்னுரிமை சரிதான். டிஸ்டெம்பர் ஊசி காசு கொடுக்கிறவர் வீட்டு நாய்க்கு மட்டும்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. நகரத்தில் தெருநாய்க்குச் சோறு வைக்கிற நிறைய பேருக்கு இந்த ஊசி பற்றித் தெரியவே தெரியாது.

இப்போ ஃப்ளாட் கேள்வி. இந்த வைரஸ் வெயிலில் வெகுநேரம் தாங்காது, சோப்புத் தண்ணீரிலேயே செத்துப்போகும். அதனால் ரோட்டிலிருந்து செருப்பில் வருவதைவிட, இன்னொரு நாயின் மூச்சிலிருந்து வரும் வாய்ப்புதான் அதிகம். லிஃப்ட், க்ளினிக் வெயிட்டிங் ரூம், ஊருக்குப் போகும்போது விட்டுப்போகிற போர்டிங், பரிதாபப்பட்டுத் தூக்கிவந்த தெருக்குட்டி. குணமான நாய்கூடச் சில வாரம், சில சமயம் மாதக்கணக்கில் கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை. நிறைய பேர் முதல் டோஸோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம், அதனால்தான் அடுத்தடுத்த டோஸ். ரெஸ்க்யூ பண்ணின குட்டியை வீட்டு நாயோடு சேர்ப்பதற்கு முன் தனி அறையில் வைத்து டாக்டரிடம் காட்டுங்க. ட்ரெக்கிங்குக்கு நாயைக் கூட்டிக்கொண்டு முதுமலை, வால்பாறைப் பக்கம் போகலாமான்னும் ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. வேண்டாம். ஊசி போட்டிருந்தாலும் வேண்டாம்.

அடுத்த எபிசோடில் அதே ஸ்டிக்கரில் இருக்கிற இன்னொரு பெயர், பார்வோ. 1978இல் திடீரென்று முளைத்து இரண்டே வருஷத்தில் உலகத்தைச் சுற்றிவந்த வைரஸ். அது எந்தப் பிராணியிடமிருந்து நாய்க்கு வந்தது என்று கேட்டால் பூனை வளர்க்கிறவர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பீர்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.